பத்து டிகிரி

பதினோராவது தடவையும் என்ஜின் ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது.

"ஓடிச்சே!" என்றார் மில்லிமீட்டர், கார் மூக்கின் முன்னால் குனிந்தபடி.

"நின்னுடுச்சே" என்றாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து.

இரண்டும் உண்மைதான். ஆனால் முதல் உண்மையை வைத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன்வரை போய்வர முடியாது. மணி காலை பத்து. மாமனாரின் ரயில் மாலை ஐந்துக்கு.

மில்லிமீட்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, கடைகடையாக ஏறி இறங்கித் தராசுகளுக்கு முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஒரு மருந்துக் கடைத் தராசில் ஈ உட்கார்ந்திருந்ததைக் கவனித்து, அதை எழுந்திருக்க வைத்துவிட்டு மறுபடி எடை பார்த்தவர் என்று ஆபீசில் ஒரு கதை உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. ஈ இரண்டு என்று மட்டும் திருத்துவார். சுவரில் காலண்டர் மாட்டினாலும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் மாட்டுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

கார் மாமனாருடையது. உருண்டை முகமும் பெரிய கண்களுமாக, பார்த்தால் கோபித்துக்கொண்ட ஆந்தை போல இருக்கும். மாமனார் நாற்பது வருடம் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்தியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒர்க்‌ஷாப்பை மூடியபோது, "வண்டியை நீங்களே எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை. ஓட்டறதுக்கு இல்ல, கீழ பூனை படுத்துக்க நிழலாகும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

மில்லிமீட்டருக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாக மாமனார் அவரை இந்த மாதிரிதான் பேசிவருகிறார். மாமனார் கண்ணில் உலகத்தில் இரண்டே ஜாதி மனிதர்கள்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள், மற்றவர்கள். மாப்பிள்ளை மற்றவர்களில் ஒருவர்.

அன்றைக்கே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "அடுத்த தடவை நீங்க எங்க ஊர் ஸ்டேஷன்ல இறங்கறப்ப இந்த வண்டிதான் வந்து நிக்கும் மாமா. நான்தான் ஓட்டிட்டு வருவேன்."

இரண்டு வருடம் என்ஜினை நட்டு நட்டாகப் பிரித்து, கழுவி, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி மாட்டினார். ஒவ்வொரு நட்டையும் எத்தனை இறுக்கம் என்று அளந்து இறுக்கினார். பிஸ்டன் முதல் பேன்பெல்ட் வரை எல்லாம் சுத்தம். பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. டைமிங்.

அதொன்றும் பெரிய பிரம்ம வித்தை இல்லை. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் நசுங்கி உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் தீப்பொறி விழ வேண்டும். ரொம்ப முந்தினால் என்ஜின் உதைக்கும். பிந்தினால் சோம்பும், சூடேறும், இருமும். எவ்வளவு முன்னால் என்பதைப் புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டது: பத்து டிகிரி. என்ஜினின் முன்பக்கம் சுற்றுகிற புல்லியில் அதற்காகவே ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. பக்கத்தில் டிகிரி எழுதிய தகடு. போன வாரமே அந்த வெட்டின்மேல் பூதக்கண்ணாடி வைத்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருந்தார் மில்லிமீட்டர். துப்பாக்கி மாதிரி இருக்கிற டைமிங் லைட்டை அதன்மேல் பிடித்தால், தீப்பொறி போகிற ஒவ்வொரு தடவையும் லைட் கண் சிமிட்டும். அந்த வெளிச்சத்தில், சுற்றுகிற கோடு நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரியும். அது பத்தின்மேல் வந்து நிற்கும்வரை டிஸ்ட்ரிப்யூட்டர் என்கிற உருண்டை டப்பாவை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். திருப்பி நட்டை இறுக்கிவிட்டால் தீர்ந்தது.

கோடு பத்தில்தான் நின்றது. பதினோரு தடவையும் பத்தில்தான் நின்றது. என்ஜின்தான் நிற்கக் கூடாத இடத்தில் நின்றது.

"என்னங்க" என்றாள் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து. "தீப்பொறி லேட்டா விழுது. இன்னும் கொஞ்சம் முன்னாடி திருப்புங்களேன்."

"எவ்வளவு?"

"ஓடவிட்டுத் திருப்பிட்டே வாங்க. சரியா வர்றப்ப நான் சொல்றேன்."

"எதை வெச்சுச் சொல்லுவே?"

"காதை வெச்சுத்தான்."

மில்லிமீட்டர் நிமிர்ந்தார். "உன் காதுக்கு யார் முத்திரை குத்தினது?"

மனைவி சின்ன வயதில் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பிலேயே வளர்ந்தவள்தான். ஆனால் அங்கே அவள் டார்ச் பிடித்தவள் என்பதுதான் மில்லிமீட்டருக்குத் தெரியும். டார்ச் பிடித்தவர்கள் எல்லாம் மெக்கானிக் என்றால், தராசுக் கடையில் டீ கொண்டுவந்தவன் எல்லாம் ஆய்வாளர் ஆகிவிடுவான்.

"புத்தகத்துல பத்து. லைட்டுல பத்து. அளவு சரி. அப்ப தப்பு வேற எங்கேயோ இருக்கு" என்றார். தராசும் எடைக்கல்லும் சண்டை போட்டுக்கொண்டால், முப்பத்தொரு வருடமும் அவர் எடைக்கல்லின் கட்சிதான்.

தப்பு கார்புரேட்டரில் இருப்பதாக முடிவு செய்தார். அதன் திருகை ஒன்றரைச் சுற்றுத் திருப்பிவிட்டுச் சாவியைப் போட்டார். இந்தத் தடவை என்ஜின் நிற்கவில்லை. அதற்குப் பதிலாக, சைலன்ஸரிலிருந்து கரிப் புகை ஒரு மூட்டையாகக் கிளம்பி, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கொடிக்கு நேராகப் போனது. கொடியில் நான்கு வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. நான்கில் மூன்று இனிமேல் வெள்ளை இல்லை.

மதிலுக்கு மேல் பாட்டு டீச்சரின் தலை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே வகுப்பு எடுக்கிறவர்.

"சார், காலையிலதான் துவைச்சேன்."

"மன்னிச்சுக்கங்க டீச்சர். பெட்ரோல் அரைச் சுற்று அதிகமாயிடுச்சு."

"பெட்ரோல் கிடக்கட்டும். உங்க வண்டி தாளம் தப்பிப் பாடுது சார். ஒவ்வொரு அடியும் தள்ளித் தள்ளி விழுது. கிளாஸ்ல பிள்ளைங்களும் அதைக் கேட்டுட்டுத் தள்ளித் தள்ளியே பாடுதுங்க."

"நான் அதைத்தான் சொன்னேன்" என்றாள் மனைவி மெதுவாக.

"ஆளாளுக்குக் காதைத் தூக்கிட்டு வந்துடுங்க" என்றார் மில்லிமீட்டர், ஸ்குரூட்ரைவரிடம். மனைவி மதிலோரம் போய் விரிப்புகளை வாங்கிக்கொண்டு வந்து தன் வீட்டு வாஷிங் மெஷினில் போட்டாள்.

தப்பு அப்புறம் பிளக் ஒயர்களுக்கு மாறியது. நான்கையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி மாட்டினார். மாட்டும்போது மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறிப்போனதை அவர் கவனிக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவர் கவனிக்காமல் விட்டது அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் டமார் என்று ஒரு வெடி வெடித்தது. பக்கத்து வீட்டில் பாட்டு பாதியில் அறுந்தது. கேட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த பெயின்டர், ஸ்டூலோடு ஒரு குலுங்கு குலுங்கியதில், கேட்டிலிருந்து மதில் வரை ஒரு நீளக் கோடு இழுத்துவிட்டார்.

பெயின்டர் நல்ல மனிதர். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் வாயால் ஒருதரம் சொல்லிவிடாமல் அவரால் இருக்க முடியாது.

"சார், மூணாவது ஒயரை நாலாவதுல சொருகிட்டீங்க" என்றார் ஸ்டூல்மேலிருந்தே. "நீங்க கழட்டறப்ப பார்த்தேன். மஞ்சள் டேப் சுத்தினது இந்தப் பக்கம் இருந்துச்சு."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே சார்."

ஒயர்களை மாற்றினார். வெடி போய், பழைய இருமல் திரும்பி வந்தது. மில்லிமீட்டர் அதை முன்னேற்றம் என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

மதியம் சாப்பாடு தட்டில் ஆறிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு புது யோசனை உதித்தது. வாசல் தளம் கேட்டைப் பார்த்துச் சரிவு. கார் சரிவில் நிற்கிறது. கார் சரிந்தால் என்ஜின் சரியும். என்ஜின் சரிந்தால் அந்த டிகிரித் தகடும் சரியும். சமதளத்தில் வைக்காத தராசை எந்த மடையனாவது நம்புவானா?

"புல்லியும் தகடும் ரெண்டுமே வண்டியோடதானே சரியுது?" என்றாள் மனைவி.

"நீ சாதம் போடு."

ரசமட்டத்தை என்ஜின்மேல் வைத்தார். பின் சக்கரங்களை ஜாக்கியில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பலகைகள் கொடுத்தார். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் வந்து நின்றபோது அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குமிழியையே பார்த்துக்கொண்டிருந்ததில், கைபிரேக் போட்டோமா என்பதைப் பார்க்கவில்லை.

கார் பலகையிலிருந்து இறங்கியது. ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல், மிக நிதானமாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. மில்லிமீட்டர் பானட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே கூடப் போனார். நாய் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. பெயின்டர் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டூலைத் தூக்கி ஒதுங்கினார். கார் புது பெயின்ட் அடித்த கேட்டில் போய்ப் பின்பக்கத்தை மெல்லச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"பம்பர்ல வெள்ளை ஒட்டிக்கிச்சு சார்" என்றார் பெயின்டர், பார்த்ததைச் சொல்லும் கடமை முடிந்த திருப்தியோடு. "கேட்ல உங்க நம்பர் பிளேட் பதிஞ்சிருக்கு. திருப்பிப் படிக்கணும்."

மூன்று பேருமாகத் தள்ளி காரை மறுபடி மேலே கொண்டுவந்தார்கள். இருபது நிமிடம் ஓடவிட்டு லைட்டைப் பிடித்ததில் கோடு பத்திலேயே அசையாமல் நின்றது. ரேடியேட்டர் கொதித்து மூடி வழியாக ஆவி பீறிட்டது.

மணி மூன்று நாற்பது.

அப்போது போன் அடித்தது. மாமனார்தான். ரயில் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"மாப்பிள்ளை! வண்டி வருதா, வாடகைக் கார் வருதா? சொல்லிட்டீங்கன்னா எந்தப் பக்கம் வாசல்ல நிக்கறதுன்னு பார்த்துக்குவேன்."

மில்லிமீட்டர் ரேடியேட்டரைப் பார்த்தார். "வண்டிதான் மாமா."

"எது, உருட்டிட்டா?" மாமனார் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தபோது லைன் அறுந்தது.

மில்லிமீட்டர் வாசற்படியில் உட்கார்ந்தார். முழங்கைவரை கிரீஸ். மூக்கில் கரி. முகத்தில் ஈயாடவில்லை. மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாடகைக் காருக்குச் சொல்லிடட்டுமா?"

அவர் மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டார். பிறகு, "சொல்லிடு" என்றார். "இனிமே இங்கேயே இருக்கத்தானே வர்றாரு. தினமும் காலையில எழுந்து காபியைக் கையில வெச்சுக்கிட்டு இந்த வண்டியைப் பார்ப்பாரு. அப்புறம் என்னைப் பார்ப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதைத்தான் என்னால தாங்க முடியாது."

"அப்பா அப்படித்தான். நீங்க அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

"இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'நல்லா இருக்கு மாப்பிள்ளை'ன்னு சொல்லியிருந்தா நான் ஏன் இந்த என்ஜினைப் பிரிக்கறேன்? எனக்கு இந்த வண்டி வேண்டாம். அந்த வார்த்தைதான் வேணும்." சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்தார். "அளவுல ஒரு தப்பும் இல்ல தெரியுமா. அதுதான் புரியல. என் காதுக்கும் அது சரியில்லைன்னுதான் கேக்குது. ஆனா காதை நம்பி ஒரு வேலையை முடிச்சேன்னா, முப்பத்தொரு வருஷமா நான் கடைக்காரங்ககிட்ட சொன்னதெல்லாம் என்ன ஆகறது?"

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருடமாகப் பார்த்த முகம்தான். பிறகு எழுந்தாள்.

"முதல்ல போய்க் குளிங்க. வண்டி வந்தாலும் வராட்டியும் ஸ்டேஷனுக்கு இந்தக் கோலத்துல போக முடியாது. என்ஜினும் கொஞ்சம் ஆறட்டும். வந்து கடைசியா ஒரு தடவை பாருங்க. அப்பவும் வரலைன்னா வாடகைக் காருக்கு நானே சொல்றேன்."

"மறுபடி அதே பத்துதான் காட்டும்."

"காட்டட்டுமே. போங்க. தொட்டியில தண்ணி கம்மியா இருக்கு, மோட்டர் போடறேன்."

குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தண்ணீர் மோட்டர். அது ஓட ஆரம்பித்தால் வீட்டுக்குள் விமானம் இறங்கினாலும் கேட்காது. மில்லிமீட்டர் சோப்பை மூன்று தடவை போட்டுத் தேய்த்தார். கிரீஸ் போவதற்கு முழுசாய் இருபத்திரண்டு நிமிடம் ஆனது. வெளியே வந்து சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டபோது மொட்டைமாடித் தொட்டி நிறைந்து ஜன்னலோரம் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"மோட்டரை நிறுத்து! தொட்டி வழியுது! கம்மியா இருக்குன்னியே?"

"கம்மியா இருக்கிற மாதிரி தெரிஞ்சுது" என்றாள் மனைவி, வாசலிலிருந்து ஓடிவந்து சுவிட்சைத் தட்டியபடி. அவள் கட்டைவிரல் நகத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"கையில என்ன?"

"கேட்ல கை பட்டுடுச்சு. மணி நாலு பத்து. வாங்க, வாங்க."

மில்லிமீட்டர் பானட்டில் கை வைத்தார். "இன்னும் ஆறவே இல்லையே, இப்பத்தான் ஓடின மாதிரி சுடுது."

"வெயில் என்ன கொஞ்சமாவா அடிக்குது? ரொம்பக் குனியாதீங்க, சட்டையில கிரீஸ் பட்டா மாத்துச் சட்டை இஸ்திரி போடல. நின்ன இடத்துலேர்ந்தே லைட்டைப் பிடிங்க. நான் சாவி போடறேன்."

என்ஜின் இருமலோடு கிளம்பியது. அவர் எட்ட நின்று லைட்டைப் பிடித்தார். கண் சிமிட்டும் வெளிச்சத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தது. ஆனால் பத்தில் இல்லை. பத்துக்கு எங்கேயோ கீழே நின்றது.

"ஏய்! நகர்ந்திருக்கு!" என்று கத்தினார். "டிஸ்ட்ரிப்யூட்டர் நகர்ந்திருக்கு!"

"நட்டை இறுக்காம விட்டிருப்பீங்க."

"நானா?" என்றார். ஆனால் சண்டை போட நேரமில்லை. நட்டைத் தளர்த்தினார். நுனி விரல்களால் டப்பாவைத் திருப்பினார், இம்மி இம்மியாக. கோடு மெல்ல மேலே ஏறியது. ஏழு. எட்டு. என்ஜினின் இருமல் குறைந்தது. ஒன்பது. வண்டியின் நடுக்கம் அடங்கியது.

பத்து.

என்ஜின் அடங்கி, ஒரே சீராக உறும ஆரம்பித்தது. மூடிவைத்த பாத்திரத்தில் பால் மெல்லக் காய்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் நட்டை இறுக்கினார். இருமல் வரப்போகிறது என்று காத்திருந்தார். வரவில்லை. மதிலுக்கு மேல் பாட்டு டீச்சரின் தலை எழுந்தது, ஒரு கணம் காது கொடுத்தது, சபாஷ் என்கிற மாதிரி ஆடியது, இறங்கியது.

"பார்த்தியா!" என்றார் மில்லிமீட்டர். "பார்த்தியா! பத்து டிகிரி! காலையிலேர்ந்து நட்டு நழுவியிருக்கு, அதான் ஏமாத்தியிருக்கு. அளவுன்னா அளவுதான். காதாம் காது!"

"ஆமாங்க" என்றாள் மனைவி. "அளவுன்னா அளவுதான். ஏறுங்க, நேரமாச்சு."

ஸ்டேஷனில் மாமனார் ஒரு பெட்டியும் ஒரு பையுமாக, வாடகைக் கார்கள் நிற்கும் பக்கமாகப் பார்த்து நின்றிருந்தார். பழைய ஆந்தை முகம் தன் எதிரில் வந்து சத்தமில்லாமல் நின்றதைப் பார்த்து, பையைக் கீழே வைத்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின் பம்பரில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தார். முன் சீட்டில் ஏறினார். மனைவி பின் சீட்டுக்குப் போனாள்.

மூன்று தெரு போகிறவரை மாமனார் என்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தார். பாலத்து ஏற்றத்தில் கியர் மாற்றாமலே வண்டி ஏறியது.

"டைமிங் யார் வெச்சது?" என்றார் மாமனார்.

"நான்தான் மாமா."

"எதை வெச்சு?"

"மார்க் பார்த்து. பத்து டிகிரி. புத்தகத்துல போட்டிருக்கற மாதிரியே."

"எந்த மார்க்?"

"புல்லியில ஒரு வெட்டு இருக்கே மாமா, அதுதான்."

மாமனார் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் புல்லி ஒரே வளையம் இல்ல மாப்பிள்ளை, ரெண்டு. நடுவுல ரப்பர். ரப்பர் கிழடாகி, வெளி வளையம் எப்பவோ நழுவிடுச்சு. இருபது வருஷமா அந்த வெட்டு பொய்தான் சொல்லிட்டு இருக்கு. அதைப் பார்த்து வெச்சீங்கன்னா வண்டி தெருமுனைகூடத் தாண்டாதே. இதுக்குக் காதாலதான் டைமிங் வெக்கணும்."

"தாண்டிடுச்சே மாமா" என்றார் மில்லிமீட்டர். இருபத்தெட்டு வருடத்தில் மாமனாரை மடக்கிப் பேசியது அதுவே முதல் தடவை. அவருக்கே தித்தித்தது. "ஸ்டேஷனுக்கும் வந்துடுச்சு, திரும்பியும் போகுது. காதை நம்பினாதான் ஓடும்னு நீங்கதான் நினைச்சுட்டு இருந்தீங்க."

"என் காது எங்க மாப்பிள்ளை? ஒர்க்‌ஷாப் சத்தத்துல அது எப்பவோ போச்சு. அதுக்குத்தான் அந்தக் காலத்துலயே நான்..."

"அப்பா" என்றாள் பின் சீட்டிலிருந்து மகள். "கண்ணாடியை ஏத்துங்க. புழுதி வருது."

மாமனார் கண்ணாடியை ஏற்றவில்லை. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். மகள் ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் கொஞ்ச நேரம் என்ஜினை மறுபடி கேட்டார். இந்தத் தடவை உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்து, அந்த நடுக்கத்தைத் தொட்டுக் கேட்டார். அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"எனக்குப் பழக்கமான ஓட்டம்தான் இது" என்றார். பிறகு மருமகன் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கு மாப்பிள்ளை. ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

மில்லிமீட்டருக்கு ரோடு கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்தால் மாமனார் பார்த்துவிடுவார் என்று துடைக்காமலே ஓட்டினார். எத்தனையோ தராசுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறார். தனக்கு ஒன்று கிடைத்தது இதுதான் முதல் தடவை. வீட்டுத் தெருவில் திரும்பும்போது, தேவையே இல்லாமல் ஒரு ஹாரன் அடித்தார்.

பெயின்டர் டப்பாக்களை மூடிக் கிளம்புகிற நேரம். கார் வருவதைப் பார்த்ததும் ஈரம் படாத பக்கமாகப் பிடித்து கேட்டை அகலத் திறந்துவிட்டார். வண்டி குலுங்காமல் உள்ளே வந்து, பழைய இடத்தில் நின்று, பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மில்லிமீட்டர் சாவியை அணைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று விட்டிருந்தார். மாமனார் இறங்கிப் பெட்டியை எடுத்தார். மனைவி பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

பெயின்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, என்கிட்ட தின்னர் வாங்கி புல்லியில இருந்த பழைய கோட்டை அழிச்சுட்டு, அந்தப் பக்கமாத் தள்ளிப் புதுசா ஒண்ணு இழுத்தீங்களே, அது காயறதுக்குள்ள சார் வண்டியை எடுத்துட்டாரே, கலையாம நின்னுச்சா?"